கொம்பு அசையவில்லை, அலை திரும்புகிறதாம்: கடலூரிலிருந்து சில சோதனைகள்

2024 ஆகஸ்ட் 27, ஒரு வாசகரின் கேள்வி (முத்தியால்பேட்டை)

புது ரவுட்டர் வாங்கினேன், நாலு கொம்பு. "பீம்ஃபார்மிங் இருக்கு சார், நீங்க எந்த ரூமுக்குப் போனாலும் சிக்னல் உங்க பின்னாலேயே வரும்" என்றார் கடைக்காரர். இரண்டு நாளாகப் பார்க்கிறேன், கொம்பு ஒரு நூல்கூட அசையவில்லை. அசையாத கொம்பு எப்படித் திசை மாற்றும்? இது ஏமாற்று வேலை என்கிறேன். இல்லை என்பவர்கள் விளக்குங்கள்.

2024 ஆகஸ்ட் 27, இரவு

ஏமாற்று வேலை இல்லை. கடைக்காரர் சொன்ன விதம்தான் கொஞ்சம் ஓவர்.

நீங்கள் புதுச்சேரிக்காரர், அதனால் சுலபம். கடற்கரைச் சாலையில் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்தில் நின்று அலையைப் பாருங்கள். நேராக வருகிற அலை எல்லாக் கல்லிலும் ஒரே நேரத்தில் மோதும். தெற்கிலிருந்து சாய்ந்து வந்தால் முதலில் தெற்குக் கல், அப்புறம் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது என்று வரிசையாக ஓடும். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கல்லில் எப்போது சத்தம் வருகிறது என்று கேட்டாலே அலை எந்தச் சாய்வில் வருகிறது என்று சொல்லிவிடலாம். கல் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இதையே தலைகீழாகச் செய்தால் அனுப்புதல். வரிசையாக நாலு ஆண்டெனா. நாலும் ஒரே நேரத்தில் அலையை விட்டால் அது நேராகப் போகும். முதலாவது முன்னால், இரண்டாவது கொஞ்சம் தாமதம், மூன்றாவது இன்னும் தாமதம் என்று விட்டால் சேர்ந்த அலை ஒரு கற்றையாகச் சாய்ந்து போகும், பீம்ஃபார்மிங் என்பது இதுதான். தாமதம் எவ்வளவு என்பதை மின்சுற்று மாற்றுகிறது, அவ்வளவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12 செ.மீ. சொச்சம். ஆண்டெனாக்களுக்கு நடுவே 6 செ.மீ. விட்டு 30 டிகிரி திருப்ப வேண்டுமானால் பக்கத்துக்குப் பக்கம் தாமதம் ஒரு வினாடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன நேரத்தை நேரமாகச் சொல்ல மாட்டார்கள், ஃபேஸ் என்பார்கள், பள்ளியில் கட்டம் என்று படித்தோமே அதுதான். ஒரு முழு அலை என்றால் 360 டிகிரி, இந்தக் கணக்கில் கால் அலை, 90 டிகிரி.

புதுசும் இல்லை. ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905இல் மூன்று ஆண்டெனாவை வைத்து இதைச் செய்து பார்த்தார். மார்க்கோனியோடு 1909இல் நோபல் வாங்கியவர்.

2024 ஆகஸ்ட் 30

"நீங்க செஞ்சு பார்த்திருக்கீங்களா, இல்லை படிச்சதைச் சொல்றீங்களா" என்று ஒருவர். செய்தேன், தப்பாக.

வீடு கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம். மச்சானின் ஐஸ் கொட்டகை சிங்காரத்தோப்பில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். நேர்கோட்டில் 900 மீட்டர். கொட்டகையில் ஒரு கேமரா வைத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பது அவருடைய ஆசை. என் மொட்டைமாடியில் ஆண்டெனா கட்ட ஒரே இடம் ஆற்றைப் பார்த்த கைப்பிடிச் சுவர். அந்தச் சுவருக்கு நேர் எதிரே கொட்டகை இல்லை, வலது பக்கம் 30 டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு இரும்புக் கோணத்தை வெல்டு வைத்துத் திருப்பிக் கட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கோ புத்தகத்தில் படித்ததைச் செய்து பார்க்க ஆசை.

பழைய ரவுட்டர் கொம்பு நாலு, பின்னால் ஒரு அலுமினியத் தட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய நாலு வழிப் பிரிப்பான். தாமதத்துக்கு கேபிள் நீளம்தான். 90 டிகிரி என்றால் கால் அலைநீளம், அதாவது 3 செ.மீ. என்று கணக்குப் போட்டு ஒன்றைவிட ஒன்று 3 செ.மீ. நீளமாக வெட்டினேன். சிக்னல் வந்தது, ஆனால் வர வேண்டியதில் பாதிகூட இல்லை.

கேபிளுக்குள் அலை காற்றில் போகிற வேகத்தில் போகாது. நான் வாங்கிய ஆர்ஜி 58 ரகத்தில் 66 சதவீத வேகம்தான். அதற்குள் அலைநீளம் 12 இல்லை, 8 செ.மீ. கால் பங்கு 2 செ.மீ. நான் 3 வெட்டியதால் 90க்குப் பதிலாக 135 டிகிரி போய், கற்றை 30ஐ விட்டுவிட்டு 49 டிகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தது, அங்கே இருப்பது ஒரு புளியமரம். ஒரு வாரம் அந்தப் புளியமரத்துக்கு நல்ல இன்டர்நெட்.

மறுபடி வெட்டினேன், சரியானது.

2024 செப்டம்பர் 12

சரியானதும் சும்மா இருக்கவில்லை. வரிசை எவ்வளவு அகலமோ கற்றை அவ்வளவு குறுகும். 6 செ.மீ. இடைவெளியில் நாலு கொம்பு வைத்தால் கற்றை ஏறக்குறைய 26 டிகிரி அகலம். இடைவெளியை 12 ஆக்கினால் அது பாதியாகும், கொட்டகைக்குக் கூர்மையாகக் குத்தலாம் என்று தட்டை மாற்றிவிட்டேன். இடைவெளி இரட்டித்ததால் தாமதமும் இரட்டித்து 180 டிகிரி. 360 என்றால் மறுபடி 0தான், ஆகவே ஒன்றுவிட்டு ஒரு கேபிளில் 4 செ.மீ. கூட, மற்ற இரண்டும் சும்மா. வெட்டுவதும் சுலபம்.

ஆனால் ஒரு விசித்திரம். சில நாளில் பிரமாதமாக ஓடுகிறது, சில நாளில் காலையிலேயே படுத்துவிடுகிறது. படுத்த நாட்களை நாள்காட்டியில் குறித்து வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இது எல்லாம் முகூர்த்த நாள்" என்றார்.

2024 செப்டம்பர் 19

புரட்டாசி பிறந்தது, லிங்க் சரியாகிவிட்டது. பெருமாள் காப்பாற்றினார். காரணம் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

2024 செப்டம்பர் 22

முதல் பதிலில் ஒரு தப்பு இருக்கிறது. இங்கே ஒருவர் பிடித்தார், சரிதான்.

வீட்டு ரவுட்டரைப் பற்றிக் கேட்டதற்கு நான் மொட்டைமாடிக் கதையைச் சொல்லிவிட்டேன். ஆற்றைத் தாண்டிப் போகிற அலைக்கு நடுவில் சுவர் இல்லை, அங்கே கற்றை என்பது நிஜமாகவே டார்ச் வெளிச்சம் மாதிரி. வீட்டுக்குள் அப்படி இல்லை. பீரோ, கண்ணாடி, கான்கிரீட் எல்லாவற்றிலும் பட்டுப் பட்டு அலை போகிறது. போன் எந்தத் திசையில் இருக்கிறது என்று ரவுட்டருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது செய்வது வேறு: தெரிந்த ஒரு சின்னச் சோதனை அலையை எல்லாக் கொம்பிலிருந்தும் விடுகிறது, "எந்தக் கொம்பிலிருந்து எனக்கு எப்படி வந்து சேர்ந்தது" என்று போன் அளந்து திருப்பிச் சொல்கிறது, அந்த அளவை வைத்து ஒவ்வொரு கொம்பின் ஃபேஸையும் மாற்றி, போன் இருக்கிற அந்த ஒரு புள்ளியில் எல்லாம் கைகோத்துச் சேரும்படி அனுப்புகிறது. அதைப் படம் வரைந்தால் டார்ச் மாதிரி இருக்காது, அப்பளம் உடைந்த மாதிரி இருக்கும்.

ஆகவே முத்தியால்பேட்டைக்காரரே, உங்கள் போனுக்கும் இந்தப் பதில் சொல்லும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். வைஃபையில் 2009இல் வந்த 802.11என் தரத்தில் இதற்குப் பல முறைகள் இருந்தன, ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று பேசவில்லை. 2013இல் வந்த ஏசி தரத்தில்தான் ஒரே முறைக்கு வந்தார்கள். பழைய போனை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் திட்டாதீர்கள்.

2024 அக்டோபர் 4

"டவரிலும் இதே கதைதானா, மோட்டாரே கிடையாதா?"

கிடையாது என்று ஆகஸ்டில் யாருக்கோ சொன்ன ஞாபகம். வாபஸ். 4ஜி டவரில் நீளமாகத் தொங்குகிற வெள்ளைப் பெட்டிகளில் பலவற்றுக்குள் ஒரு குட்டி மோட்டார் உண்டு. அது பெட்டியை அசைக்காது, உள்ளே ஃபேஸ் மாற்றும் பகுதியைத் தள்ளும், கற்றை கீழே குனியும். 30 மீட்டர் உயரத்திலிருந்து 6 டிகிரி குனிந்தால் கற்றையின் நடு 285 மீட்டரில் தரையைத் தொடும். யாரும் டவர் ஏறாமல் அலுவலகத்திலிருந்தே குனிய வைக்கலாம். 5ஜியில் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற பெரிய பெட்டிகள்தான் மோட்டார் இல்லாத அசல் சரக்கு, 64 தனித்தனி அனுப்பி வைத்தவைகூட உண்டு. அவை பயனருக்குப் பயனர் ஒரு வினாடிக்குள் பலமுறை மாற்றும்.

இதில் எனக்குப் பிடித்தது டவர் இல்லை, கடங்கி. திருப்பதி போகிறவர்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே திரும்புகிறோம். தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தின் எம்எஸ்டி ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ், 32க்கு 32 என்று 1024 யாகி ஆண்டெனா, எல்லாம் நம் பழைய தூர்தர்ஷன் ஆண்டெனாவின் சொந்தக்காரர்கள், 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேலே காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற கருவி. எதுவும் அசையாது, கற்றை மட்டும் நேர் மேலேயிருந்து 20 டிகிரி வரை சாயும்.

2024 அக்டோபர் 24

ஐப்பசி. லிங்க் படுத்துவிட்டது.

அன்று காலை மாடியில் நின்றபோது நாதஸ்வரம் கேட்டது. சுவருக்கு நேராக நின்று வலது கையைக் கொட்டகைப் பக்கம் நீட்டினேன், இடது கையைச் சத்தம் வந்த பக்கம் நீட்டினேன். இரண்டும் ஒரே கோணம். இடது பக்கம் 30 டிகிரியில் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் அங்கே முந்நூறு போன், நாலைந்து வைஃபை, நேரலைக்காரரின் பெட்டி வேறு.

ஏன் என்று காகிதத்தில் எழுதியபோது எனக்கே வெட்கம். நாலு கொம்பின் ஃபேஸ்: 0, 180, 0, 180. இதை இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும் தாமதத்தில் வித்தியாசம் கிடையாது. வலப்பக்கம் திரும்பச் சொல்கிறோமா இடப்பக்கமா என்று ஆண்டெனாவுக்கே தெரியாது, அதனால் இரண்டு பக்கமும் சம பலத்தில் திரும்பிவிட்டது. இடைவெளி அரை அலைநீளத்தைத் தாண்டினால் திருப்பத் திருப்ப இப்படிப் போலிக் கற்றை எங்கிருந்தாவது முளைக்கும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. நான் இரண்டாவது அத்தியாயத்திலிருந்து படித்தவன்.

கடங்கியில் இடைவெளி 4 மீட்டர், அலைநீளம் 5.7 மீட்டர் அளவு, அரையைவிட அதிகம்தானே என்று கேட்பீர்கள். அங்கே 20 டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை, அந்தச் சாய்வுக்கு 4 மீட்டர் தாங்கும். நான் 30ஐ 12 செ.மீ. இடைவெளியில் கேட்டேன்.

தட்டை மறுபடி 6 செ.மீ.க்கு மாற்றிவிட்டேன். இந்த முறை கேபிளுக்குப் பதில் டையோடு சுவிட்ச்: ஒவ்வொரு கொம்புக்கும் 0, 90, 180, 270 என்று நாலு தேர்வு. இப்படி நாலே படியாக வைத்தால் எந்தக் கோணமும் அச்சுப் பிசகாமல் வராது, சராசரியாக ஒரு டெசிபெல்லுக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். பரவாயில்லை.

இன்னொன்று, இதைச் செய்கிறவர்கள் கவனிக்க: 2.4இல் உரிமம் இல்லாமல் அனுப்ப நம் நாட்டில் ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்தான் உச்சம். கற்றையைக் குறுக்கக் குறுக்க ரவுட்டரின் வாட்டைக் குறைக்க வேண்டும். ஆற்றலைக் கூட்டவில்லை, வேறு பக்கம் போனதைப் பிடுங்கி ஒரு பக்கம் கொடுக்கிறோம்.

2024 அக்டோபர் 24, கொஞ்ச நேரம் கழித்து

"அசையாத கொட்டகைக்கு அசையும் கற்றை எதற்கு?" என்று கேட்டவருக்கு: என் மனைவியும் இதையேதான் கேட்டார். பதில் இல்லை.

2024 நவம்பர் 5

மண்டபத் தொல்லை தீர்ந்தது, அடுத்தது வந்தது. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை சிக்னல் விழுகிறது, முக்கால் மணி நேரத்தில் தானாக எழுகிறது. நான் டையோடுகளைச் சந்தேகித்தேன். ஃபேஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன், இடது வலது என்று எங்கே திருப்பினாலும் அதே கதி. விழுகிற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்று மச்சானிடம் சொன்னேன். அவர் ஐஸ் உடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "மாமா, அது வத்த நேரம்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஆண்டெனா தண்ணீருக்கு மேல் 12 மீட்டர், கொட்டகைக் கம்பம் 9 மீட்டர். நேராக வரும் அலை ஒன்று, ஆற்றில் பட்டுத் தெறித்து வருவது ஒன்று. வற்றத்தில், அதாவது கடல் இறங்கி ஆற்றில் தண்ணீர் குறையும்போது, தெறித்தது 24 செ.மீ. கூடுதலாகச் சுற்றி வருகிறது, அதாவது சரியாக இரண்டு அலைநீளம். தண்ணீரில் பட்டால் அலை தலைகீழாகும், ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஏற்றத்தில் தண்ணீர் 60 செ.மீ. உயர்ந்ததும் அந்த வித்தியாசம் 21 செ.மீ. ஆகிறது, சண்டை தீர்ந்துவிடுகிறது. இரண்டு அலையும் ஒரே திசையிலிருந்து, மேல் கீழாக வருகின்றன. என் வரிசை படுக்கை வரிசை, அதற்குப் பக்கவாட்டில்தான் திருப்பத் தெரியும். எத்தனை டையோடு போட்டாலும் பிரயோசனம் இல்லை.

மருந்து: கம்பத்தை 2 மீட்டர் இறக்கிக் கட்டினோம். 7 மீட்டரில் வற்றத்திலும் ஏற்றத்திலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. செலவு ஒரு முழம் கட்டுக்கம்பி.

2024 நவம்பர் 16

இப்போது நிஜமாகவே அசைகிற ஒன்று. மச்சானின் விசைப்படகு துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது அதிலும் இணைப்பு வேண்டுமாம். கயிற்றில் கட்டிய படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு நாலு கொம்பு வரிசை சரிப்படாது, சுற்றியும் பார்க்க வேண்டும்.

செய்தது இது: ஒரு எவர்சில்வர் தட்டு, நடுவில் 3 செ.மீ. குச்சி, அதற்குத்தான் கேபிள். சுற்றிலும் 3 செ.மீ. தள்ளி ஆறு குச்சிகள், அவற்றுக்கு கேபிள் கிடையாது, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு டையோடு மட்டும். டையோடு திறந்திருந்தால், அதாவது அதில் மின்சாரம் ஓடாவிட்டால், அந்தக் குச்சி இருப்பதே தெரியாது. மூடினால் குச்சி தட்டோடு சேர்ந்து அலையைத் திருப்பி அடிக்கும். யாகி ஆண்டெனாவில் பின்கம்பி செய்கிற வேலைதான், இங்கே எந்தக் குச்சி பின்கம்பி என்பதை மின்சாரம் முடிவு செய்கிறது. ராஜர் ஹாரிங்டன் 1978இல் எழுதிய யோசனை, 2000 வாக்கில் ஜப்பானில் வைஃபை போன்ற சின்னக் கருவிகளுக்கென்று வளர்த்தார்கள். பிரிப்பான் வேண்டாம், நாலு அனுப்பி வேண்டாம், ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

முதல் நாள் டையோடு மூடினால் அந்தப் பக்கம் பார்க்கும் என்று நிரல் எழுதிவிட்டேன். கரையைப் பார் என்றால் கடலைப் பார்த்தது. இரண்டாம் நாள் அதைத் திருப்பினேன், திசை சரி, ஆனாலும் பலம் இல்லை. தட்டு சின்னதாக இருந்தால் கற்றை மேலே தூக்கிக்கொள்ளும். "கொக்கு எண்ணுதா மாமா" என்றார் மச்சான். தட்டின் விளிம்பிலிருந்து கீழே பாவாடை மாதிரி 3 செ.மீ. தகடு தொங்கவிட்டதும் இறங்கி வந்தது.

இதில் நான் கற்றது ஒன்று. திருப்புவது பெரிய விஷயமே இல்லை, மின்சாரத்துக்கு ஒரு நொடிகூட வேண்டாம். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துகொள்வதில்தான் உயிர் போகிறது. ஆறு திசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எது பலம் என்று அளப்பதற்குள் படகு ஆடிவிடுகிறது. அளந்துகொண்டே இருந்தால் பேச நேரம் இல்லை, பேசிக்கொண்டே இருந்தால் அளவு பழசாகிவிடுகிறது. இப்போதைக்கு ஆறையும் பார்ப்பதில்லை, இருக்கிற திசையும் அதன் இரண்டு பக்கத்துத் திசையும் மட்டும். படகு திடீரென்று அரை வட்டம் அடித்தால்தான் ஆறும்.

2024 நவம்பர் 28

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மாடி, கம்பம், படகு எல்லாவற்றிலிருந்தும் கழற்றி இறக்கியாயிற்று. 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்தபோது தெருவில் டிஷ் தட்டுகள் பறந்ததைப் பார்த்தவன்.

2024 டிசம்பர் 10

விசாரித்தவர்களுக்கு நன்றி. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்களுக்கு மழையைவிட அதற்கப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர்தான். வீட்டில் எல்லோரும் நலம். கொட்டகையில் முழங்கால் அளவு நின்று வடிந்தது. உப்பனாற்றில் ஒரு வாரம் செந்தண்ணீர். முத்தியால்பேட்டைக்காரர் எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுதுங்கள்.

2025 ஜனவரி 8

முத்தியால்பேட்டைக்காரர் எழுதிவிட்டார். தண்ணீர் வாசற்படியோடு நின்றதாம். ரவுட்டர் பீரோவின் பின்னால் இருந்ததாம், வெள்ளத்துக்குப் பயந்து பீரோ மேல் தூக்கி வைத்தாராம், அன்றிலிருந்து எல்லா ரூமிலும் சிக்னல். பீம்ஃபார்மிங் பற்றி நான் எழுதிய அத்தனைக்கும் இது ஒரு அடி.

எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக் கட்டியாயிற்று. 6 செ.மீ. இடைவெளி நிஜமாக மண்டபத்தைத் தவிர்க்கிறதா என்று கேட்டவருக்கு: இப்போது மார்கழி, கல்யாணம் இல்லை. புரட்டாசியில் ஏமாந்த மாதிரி மறுபடி ஏமாற மாட்டேன். தை பிறக்கட்டும்.

2025 பிப்ரவரி 3

தை முகூர்த்தம் இரண்டு பார்த்தாயிற்று. மண்டபத்தில் கூட்டம், வாசலில் பந்தல், எங்கள் லிங்க் அசையவில்லை. ஒரு நாள் காலை மட்டும் கொஞ்சம் மந்தம், பதறிப்போய் மாடிக்கு ஓடினேன். மருமகன் கொட்டகையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு வளையத்தில் ஆறு டையோடில் ஒன்று உப்பு ஏறிச் செத்துவிட்டது. படகு வடக்குப் பக்கம் பார்க்கும்போது இணைப்பு அறுகிறது. மாற்றப் பத்து நிமிட வேலை, ஆனால் தட்டைக் கழற்றி, மெழுகு சுரண்டி, திரும்ப அடைத்துக் காய ஒரு நாள் படகு நிற்க வேண்டும். மீன் வருகிற நேரத்தில் நிறுத்த முடியாது, ஏப்ரல் 15 தடைக்காலத்தில் கை வை என்று மச்சான் சொல்லிவிட்டார். அதுவரை ஐந்து திசை.